பார்த்தும் அறியாத கண்கள்: பாஸ்கா கால நாட்குறிப்பு

20 ஏப்ரல் 2025, ஞாயிறு. ஆண்டவருடைய உயிர்ப்புப் பெருவிழா, ஈஸ்டர் (யோவான் 20:1-9)

இன்று பகல் திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தியில் உயிர்த்த இயேசு ஓரிடத்திலும் தோன்றுவதில்லை என்பதை, எத்தனையோ ஆண்டுகள் கேட்ட பிறகு இந்த முறைதான் கவனித்தேன். அவரை அடக்கம் செய்த கல்லறையில் இருப்பவை அகற்றப்பட்ட கல்லும், கிடக்கும் துணிகளும், தனியே சுருட்டி வைக்கப்பட்ட தலைத்துண்டும் மட்டுமே. உடலைத் திருட வந்தவன் துணிகளைக் களைந்து, தலைத்துண்டைச் சுருட்டி வைக்கும்வரை அங்கே நின்றிருப்பானா என்று பண்டைத் திருச்சபையின் ஆயர் புனித யோவான் கிறிசோஸ்தோம் தம் மறையுரையில் கேட்பது நினைவுக்கு வந்தது. முந்தி ஓடிய சீடர் குனிந்து பார்த்துவிட்டு வெளியிலேயே நிற்க, பிந்தி வந்த பேதுரு நேரே உள்ளே நுழைந்துவிடுகிறார்.

21 ஏப்ரல், திங்கள் (மத்தேயு 28:8-15)

பெண்கள் அச்சத்தோடும் பெருமகிழ்ச்சியோடும் ஓடினார்கள் என்ற வரியைக் காலையில் படித்தேன். நேற்று பேதுரு பேராலய மாடத்திலிருந்து ஆசி வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் இன்று காலை இறந்துவிட்டார் என்ற செய்தி அதன்பின் வந்தது. வேறு எதுவும் எழுத இயலவில்லை.

22 ஏப்ரல், செவ்வாய் (யோவான் 20:11-18)

ஞாயிறன்று வெறுங்கல்லறையைக் கண்டு சீடர்களிடம் ஓடிவந்த மகதலா மரியா, அவரை எங்கே வைத்தார்களோ “எங்களுக்கு” தெரியவில்லை என்று பன்மையில் சொன்னார்; இன்று வானதூதர்களிடம் அதையே “எனக்கு” என்கிறார். சீடர்கள் இருவரும் வீடு திரும்பிவிட்டதால் துயரத்தில் அவர் தனித்துவிட்டார் என்று அந்த ஒருமையை நான் வாசிக்கிறேன். எதிரில் நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்றே கருதிய அவர், தம் பெயரைச் சொல்லி அழைத்த குரலைக் கேட்ட பிறகே “ரபூனி” (போதகரே) என்கிறார். நாளைய வாசகத்தில் வரும் எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர்களும் வழியெல்லாம் உடன் நடந்த இயேசுவை, அப்பம் பிட்கப்படும்போதுதான் அறிந்துகொள்கிறார்கள்.

27 ஏப்ரல், ஞாயிறு. இறை இரக்க ஞாயிறு (யோவான் 20:19-31)

தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமா, உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை இட்டதாகவே ஓவியங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். யோவானோ அவர் தொட்டதாக எங்கும் எழுதவில்லை. விரலை இடு என்ற அழைப்பு வந்ததும், “நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்!” என்ற அறிக்கை வந்துவிடுகிறது. அவரை ஐயத்தின் உருவமாக மட்டும் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. “நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்” என்று 11ஆம் அதிகாரத்தில் சொன்னவரும் இவரே.

4 மே, ஞாயிறு. பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு (யோவான் 21:1-19)

“நீ என்னை அன்பு செய்கிறாயா?” என்று பேதுருவிடம் இயேசு மும்முறை கேட்ட கேள்விகளில் அன்பைக் குறிக்க இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன என்பதை வைத்தே இன்றைய மறையுரை முழுவதும் அமைந்தது. எனக்கு அதில் முழு நிறைவில்லை. ஏனெனில், இயேசு அன்பு செய்த சீடரைக் குறிப்பிடும்போதும் யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லையும் 20ஆம் அதிகாரத்தில் மற்றொன்றையும் வேறுபாடின்றிப் பயன்படுத்துகிறார்.

என்னை நிறுத்தியது கரைமேல் எரிந்துகொண்டிருந்த கரித்தீ. அதற்கான “அந்த்ரக்கியா” என்ற சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு தாம் இயேசுவின் சீடர் அல்ல என்று மறுதலித்த இடத்திலும், திபேரியக் கடற்கரையில் மீனும் அப்பமும் காத்திருந்த இந்த இடத்திலும். மும்முறை மறுதலித்தவர் அதே வகைத் தீயருகே மும்முறை கேட்கப்படுகிறார். ஆனால் முதலில் உணவு, பிறகே கேள்வி. பழைய தவற்றைப் பற்றி இயேசு ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேதுருவுக்கு அந்தப் புகை மணமே போதுமானதாக இருந்திருக்கும்.

முதிர்ந்த வயதில் வேறொருவர் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிச்செல்வார் என்று இயேசு இறுதியில் சொல்வதைக் கேட்டவர், சற்று முன்புதான் தம் மேலாடையைத் தாமே இடையில் கட்டிக்கொண்டு, கரைக்கு இருநூறு முழம் இருக்கும்போதே படகிலிருந்து கடலில் குதித்தவர்.