வேடியப்பன் காலடியில் ஒரு கெண்டி

ஒகேனக்கல் போகும் வழியில் தருமபுரியில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவதே பல ஆண்டுகளாக என் வழக்கம். இம்முறை ஒரு நாள் முழுவதையும், சண்டையில் மாண்டவர்களின் நினைவாக நட்ட நடுகற்களுக்கென ஒதுக்கி, காலையிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குச் சென்றேன்.

இப்பகுதியின் பல்லவர் காலக் கற்களில் பெரும்போர்களைவிட மாட்டுச் சண்டைகளே மிகுதி. வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் ‘கோவிசைய’ என்று தொடங்கி, அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லி, எந்தத் தொறுவை மீட்கும்போது எவருடைய சேவகன் வீழ்ந்தான் என்று விவரித்து, ‘பட்டான் கல்’, அதாவது மாண்டவனின் கல், என முடியும் வாசகங்கள் அவற்றில் உண்டு. தொறு என்பது மாட்டு மந்தை. சிம்மவிஷ்ணுவும் மகேந்திரவர்மனும் அங்கே காலத்தைக் குறிக்க மட்டுமே வருகிறார்கள்; கல் என்னவோ மந்தைக்காக மாண்டவனுக்குத்தான். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் உருவமும் பெயரும் கிடைத்திருக்கின்றன. படைத்தலைவர் எத்தனை பேருக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கும்?

ஒரு கல்லின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், பக்கவாட்டில் முடிந்த கொண்டை, தொடையில் தைத்த அம்பு. காலருகே மூக்கு வைத்த சிறு கெண்டி ஒன்று. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவன் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாடலில், மயிற்பீலி சூட்டிய நடுகல்லுக்கு நாரால் வடித்த கள்ளைச் சிறுகலத்தில் படைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதையா கொள்ளப்போகிறான் என்று அவர் குமுறுகிறார். அந்தக் கலத்தைப் பாட்டில் படித்திருந்தேன். கல்லில் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

மாலையில் அரூர் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில், புளியமரத்தடியில் நின்ற இன்னொரு கல்லைத் தேடிப் போனேன். ஊரார் அதை வேடியப்பன் என்கிறார்கள். இந்த வட்டாரத்தில் நடுகற்கள் பலவும் இப்பெயரில்தான் பூசை பெறுகின்றன. விளக்கேற்றிக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, “செருப்பக் கழட்டிட்டு வா சாமி” என்றார்.

கல் கறுத்து மின்னியது. எழுத்து இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் பருமனுக்குப் படிந்திருந்தது. வேடியப்பன் யார் என்று கேட்டேன்.

“மாடு கன்னுக்குக் காவலு. வேற என்னத்தத் தெரியணும்?”

குனிந்து காலடியைப் பார்த்தேன்; குங்குமத்துக்கு அடியில் கெண்டியின் மூக்கு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. பாட்டி தம் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை என்னிடம் நீட்டி, “மிச்சத்த நீ ஊத்து” என்றார். எஞ்சிய எழுத்துகளும் அடைபட்டுப்போகும் என்று தெரிந்தேதான் ஊற்றினேன்.