வாஷ் பேசின் முன்னால் ஒரு நிமிடம்

இரவு டியூட்டி முடிந்து, கேஸ் ஷீட்டுகளை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த பிறகும் என் காதில் மானிட்டர் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் யாருடைய செல்போனாவது சிணுங்கினால் சட்டென்று எழுந்துவிடுவேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்து ஏழாவது வருடம் அது. தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு விடியற்காலை. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வந்த பையன் இறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உடலைத் துடைத்து, கட்டி அனுப்பிய கையோடு ஐந்தாவது படுக்கைக்கு மருந்து ஏற்ற ஓடினேன். அந்தப் படுக்கைக்காரரின் மனைவி, வயதான அம்மா, வாசலில் நின்றிருந்தார். "அவரு கண்ணு முழிச்சாராம்மா?" அந்த இரவில் நாலாவது முறையாகக் கேட்கிறார். "முழிச்சா சொல்ல மாட்டோமா? போங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. ஃப்ளாஸ்க்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பி நடந்தார். அந்த முதுகு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. எத்தனையோ நோயாளிகளை அங்கே அனுப்பியிருக்கிறேன், நான் போனதில்லை. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டுதான் முதல்முறை போனேன். அங்கிருந்த மருத்துவர் ஆசனம் எதுவும் சொல்லித் தரவில்லை. என் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிவிட்டு, "நாலு எண்ணி மூச்சை இழுங்க, எட்டு எண்ணி விடுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் 96-ல் இருந்த நாடித்துடிப்பு 84-க்கு வந்திருந்தது. மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கும். படித்துப் பரீட்சை எழுதிய பாடம்தான். ஆனால் நாள் முழுக்க மற்றவர்களின் எண்களையே பார்த்துக் குறித்த எனக்கு, என் எண் இறங்குவதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை. மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை (அந்தக் காலத்து நேர அளவு), விடும் இரேசகத்துக்கு அதில் இரு மடங்காக 32 என்று திருமூலரே சொல்லியிருக்கிறார். இடையில் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் 64 மாத்திரை உண்டு. மூச்சை அடக்குவதை மட்டும் நீங்களாக முயல வேண்டாம், இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார்.

வீட்டில் பாய் விரித்து அரைமணி நேரம் உட்காருவது எனக்கு ஒத்துவரவில்லை. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தால் எந்த நேரத்தைக் குறிப்பது? வந்ததும் சுவரில் கால்களைத் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் படுப்பேன். இரவெல்லாம் நின்ற கால் லேசாகும். மற்றபடி எனக்குப் பயிற்சிக்கூடமாக அமைந்தது வார்டின் வாஷ் பேசின்.

ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகுமுன் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 வினாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மனசு அடுத்த மருந்தின் அளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இப்போது கையை மட்டும் பார்க்கிறேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. கட்டைவிரலைச் சுற்றித் தேய்க்கும்போது மூச்சை மெதுவாக விடுகிறேன். தண்ணீரின் குளிர்ச்சி மணிக்கட்டு வரை ஏறுவது தெரிகிறது. துக்கம் இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை. ஆனால் இரண்டாவது படுக்கையின் துக்கம் ஐந்தாவது படுக்கையின் மேல் போய் விழுவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்துவிட்டு, ஒரு செவிலியரிடம் நாலு வென்டிலேட்டர் படுக்கைகளைக் கொடுப்பது நியாயம் இல்லை. தீவிர சிகிச்சையில் ஒரு படுக்கைக்கு ஒருவர் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நீண்டகால மனஅழுத்தத்தின் விளைவு என்றது. ஆள் பற்றாக்குறையைப் பிராணாயாமம் தீர்க்காது. கூடுதல் ஆள் கேட்டு நாங்கள் மனு கொடுத்தபோது மேலதிகாரியின் முன்னால் என் குரல் நடுங்கவில்லை. அந்த மட்டில் மூச்சு எனக்கு உதவியது.

போன மாதம் ஒரு இரவு. விடிவதற்கு முன் ஒரு பாட்டி இறந்துபோனார். கை கழுவும்போது கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் மூன்றாவது படுக்கை அம்மாவின் மகன். "சிஸ்டர், அம்மா பேசுனாங்களா?" முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தான்.

"இன்னும் இல்லை தம்பி. ஆனா கையைப் பிடிச்சா விரலை அசைக்கிறாங்க. செருப்பைக் கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு வா. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போ."