கடன் வாங்கிய கோழி

ஜூன் 2, திங்கள்

எனக்கும் ஒரு நண்பருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. மாதம் ஒரு தடவை ஒருவர் மற்றவருக்கு ஒரு வரி கொடுக்க வேண்டும். வாங்கியவர் பதினைந்து நாளுக்குள் அதை வைத்து எதையாவது எழுதிக் காட்ட வேண்டும். கவிதையோ அரைப்பக்க உரைநடையோ, எதுவானாலும் சரி. இந்த முறை எனக்கு வந்திருப்பது குறுந்தொகை 305-ஆம் பாட்டின் ஒரு வரி:

குப்பைக் கோழித் தனிப்போர் போல

"பாட்டு முழுக்கப் படிக்காதே, வரியை மட்டும் வைத்துக்கொள்" என்றும் சொல்லியிருக்கிறார். யார் கேட்பது? ராத்திரியே படித்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

படித்தது தப்பாகப் போய்விட்டது. பாட்டில் சண்டையே கிடையாது. காம நோயில் வேகும் ஒரு பெண் பேசுகிறாள். தானே போய் அவனைத் தழுவவும் வழியில்லை, அவன் வந்து துயரைத் தீர்க்கவும் இல்லை. அந்த நிலையைச் சொல்லத்தான் கோழி வருகிறது. "உய்த்தனர் விடாஅர் பிரித்திடை களையார்" என்கிறாள். குப்பைமேட்டுக் கோழிகளை யாரும் சண்டைக்கு ஏவிவிட்டதில்லை, நடுவில் புகுந்து விலக்கவும் ஆள் இல்லை. அதுவாக முடிந்தால்தான் உண்டு. அவள் நோயும் அப்படித்தான்.

எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையை வைத்தே குப்பைக்கோழியார் என்று அழைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாரும் இப்படித்தான். வரியைக் கடன் வாங்கலாம் என்று வந்தால், பாடினவரே அந்த வரியிடம்தான் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

முதல் முயற்சி. வரியை உச்சியில் வைத்துவிட்டுக் கீழே எழுதினேன். பன்னிரண்டு வரி வந்தது. படித்துப் பார்த்தால் பன்னிரண்டும் முதல் வரிக்குப் பொழிப்புரை. இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்த ஒரு வரிக்குக் கீழே நேற்று எழுதியதைக் கொண்டு போய் வைத்தால், பெரிய மனிதர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும். கிழித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வேறு யார் யார் எப்படிக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று யோசித்ததில் பொழுது போயிற்று. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களுக்குப் பழக்கமான விளையாட்டு. உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் ஒரு மிஸ்ராவை, அதாவது ஓர் ஒற்றை அடியை, கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் அதே சந்தத்தில், அதே இயைபில் கஜல் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் குளோசா என்று ஒன்று உண்டு. அடுத்தவரின் நான்கு வரியை எடுத்து, பத்து வரிப் பத்திகள் நான்கு எழுதி, ஒவ்வொன்றையும் அந்த வரிகளில் ஒன்றால் முடிப்பது.

எனக்குப் பிடித்தது சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பா. அதிகாரத்துக்கு ஒரு குறள் என்று 133 குறளை எடுத்துக்கொள்கிறார். நேரிசை வெண்பாவுக்கு நான்கு அடி. அதில் கடைசி இரண்டு அடிக்கு அளவு குறளின் அளவேதான்: முன்னது நாற்சீர், பின்னது முச்சீர். ஆகவே குறள் அப்படியே போய் உட்கார்ந்துவிடுகிறது. முனிவர் எழுத வேண்டியது மேலே இரண்டு அடிதான். அதற்குள் ஒரு கதையைக் காட்டி, "சோமேசா" என்று கூப்பிட்டு, ஒரு தனிச்சொல்லைப் பாலமாகப் போட்டு, குறளுக்குள் நம்மை இறக்கிவிடுகிறார். அந்தத் தனிச்சொல்லுக்கு எதுகை மேல் இரண்டு அடியோடு. குறளுக்கு அதன் எதுகை தனி. தையல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் பிரியாது.

வியாழக்கிழமை நான் செய்த தப்பு இப்போதுதான் புரிகிறது. கடன் வாங்கியதை அவர் கடைசியில் வைத்தார். நான் தலையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்னொரு வழி: டெரன்ஸ் ஹேய்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் கண்டுபிடித்த கோல்டன் ஷவல். கிவெண்டலின் புரூக்ஸின் கவிதை ஒன்றை வைத்து 2010-இல் செய்தார். கடன் வாங்கிய வரியின் ஒவ்வொரு சொல்லும் நம் வரி ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லாக வர வேண்டும். வலது ஓரத்தை மேலிருந்து கீழே படித்தால் மூல வரி கிடைக்கும்.

நாலே சொல்தானே என்று உட்கார்ந்தேன். தமிழ் விடுமா? வாக்கியம் வினையில் முடிய ஆசைப்படுகிறது, நானோ பெயர்ச்சொல்லில் வரியை உடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி ஒற்று. "குப்பைக்" என்று முடித்தால் அந்த க் அந்தரத்தில் தொங்கும். அடுத்த வரி ககரத்தில் தொடங்கியே ஆக வேண்டும். "கோழித்" என்றால் அடுத்தது தகரம். ஒற்றைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றால், வாங்கின பொருளைச் சேதப்படுத்தித் திருப்பித் தருவது போல் இருந்தது. ஒரு மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகு, குப்பைக்கு அப்புறம் "குள்ளே" வரலாமே என்று தோன்றியது. அதற்குப் பிறகு மளமளவென்று வந்துவிட்டது:

பேசாமல் விட்டதெல்லாம் மூலையில் குப்பைக்
குள்ளே எதையோ கொத்துகிறது கோழித்
தலை ஒன்று, எதிரே இன்னொன்று, தனிப்போர்
முடிந்ததும் மேயும் இரண்டும், ஒன்றுமே நடக்காதது போல

"போல" மட்டும் தகராறே செய்யவில்லை. அது கடைசியில் நிற்கவே பிறந்த சொல்.

ஜூன் 11, புதன்

நண்பருக்கு அனுப்பினேன். "வித்தை நல்லா இருக்கு. பேசாமல் விட்டது யாரு, யாரோடு?" என்று மட்டும் பதில். வழக்கம்போல் நல்ல கேள்வி, வழக்கம்போல் எரிச்சல்.

எனக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகிறது. இதை அவருக்குச் சொன்னதில்லை. வரி கைக்கு வந்த அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

உரைநடையாக எழுதினேன், ஒன்றரைப் பக்கம். அப்பா போன பிறகு அவருடைய கைக்கடிகாரம் யாரிடம் இருப்பது என்பதில் ஆரம்பித்தது. நின்று போன கடிகாரம். நான் போனில், "நீ ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் படுத்தியா?" என்று கேட்டேன். அவள் பேசாமல் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. யாரும் ஏவிவிடவில்லை. அம்மா எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறாள், ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் வாயே திறப்பதில்லை. விலக்கிவிட ஆள் இல்லை என்பதற்கு இதைவிடச் சரியான படம் எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பதை நாலு வரி எழுதினேன். ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை மடிப்பாள்.

கடைசி வரியாகக் கோழியை வைத்திருந்தேன், முனிவர் வழியில். சாயங்காலம் படித்தபோது, அம்மா துணி மடிக்கிற இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது. கோழி அதற்கு மேல் வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். எடுக்க மனசு வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பத்து நாளாக அதோடுதான் குடித்தனம்.

ஜூன் 14, சனி

வரியே இல்லாத பிறகு கடன் உண்டா, இல்லையா? நண்பர் உண்டு என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மணிமேகலையில் சாத்தனார் "தெய்வந் தொழாஅள்" குறளை எடுத்துக் கோத்துவிட்டு, கையோடு "பொய்யில் புலவன் பொருளுரை" என்கிறார். பெயரைச் சொல்லாவிட்டாலும் தன்னுடையதில்லை என்பதை ஒளிக்கவில்லை. நானும் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டேன்: குப்பைக்கோழியாருக்கு.

ஜூன் 16, திங்கள்

நேற்று ராத்திரி என்ன துணிச்சலோ, ஒன்றரைப் பக்கத்தையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. காலையில் பதில் வந்திருந்தது:

"நீ அதை போனில் கேட்கலை. மாடிப்படியில் நின்னு கேட்டே, நான்தான் கீழே இறங்கிப் போனேன். அப்புறம், கடிகாரம் நின்னு போகலை. ஓடிக்கிட்டுதான் இருந்தது. அம்மா துணி மடிக்கிறது சரியா இருக்கு."

மூன்று தடவை படித்தேன். போனை அழித்துவிட்டு மாடிப்படி என்று திருத்தினேன். கடிகாரத்தைத் திருத்தவில்லை.