தேஜொனில் பார்த்த சோதனைக் காலம்

எங்கள் 2003 உயர்தரப் பிரிவிலிருந்து லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று போனவர்கள் ஏராளம். படிக்கவென்று தென் கொரியாவுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அதனால் இங்கே பிரித்தானியாவில் எங்கள் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களில் யாராவது ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்து, “கொரியாப் பிள்ளைகள் பயங்கரமாப் படிப்பாங்களாமே, எப்பிடி?” என்று கேட்பது வழக்கம். பக்கத்தில் அவருடைய பிள்ளையும் நிற்கும். பிள்ளையின் காதில் விழவேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியே வருகிறது. மண்டபத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஆகவே சங்க மலரில் எழுதுகிறேன்.

பேராதனையில் பொறியியல் முடித்துவிட்டு, 2009இல் மேற்படிப்புக்காகத் தேஜொன் நகரத்துக்குப் போனேன். சியோலில் இருந்து அதிவேக ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரம். ஆராய்ச்சி நிலையங்கள் நிறைந்த ஊர். யூசொங் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மாவும் அவருடைய கணவரும் ஒரே மகளும். 2011இல் அந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் வருடத்துக்கு வந்தாள். கொரியாவில் ஒரு வீட்டில் மூன்றாம் வருடப் பிள்ளை இருந்தால் அந்த வீடு முழுவதுமே சோதனை எழுதுகிறது என்று அர்த்தம். வீட்டுக்கார அம்மா அந்த வருடம் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து நான் கேட்கவில்லை. நானும் மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறப் பழகிவிட்டேன்.

அந்தப் பிள்ளை காலையில் எட்டு மணிக்கு முன்பே பள்ளியில் நிற்பாள். வகுப்புகள் முடிந்தபிறகும் வீட்டுக்கு வருவதில்லை. இரவுச் சாப்பாடு பள்ளியிலேயே, அதன்பின் பத்து மணிவரை ஆசிரியர் மேற்பார்வையில் அங்கேயே படிப்பு. பத்துக்குப் பிறகு படிப்பறை. நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ காசு கொடுத்து ஒரு மேசையை எடுக்கலாம். பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாதபடி தடுப்புப் பலகை இருக்கும். வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும். சனி, ஞாயிறில் ஹாக்வொன். அதுதான் அங்கத்தை ரியூட்டரி. நம்முடைய ஓலைக் கொட்டில் ரியூட்டரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடி மாடியாகக் கட்டடங்கள், பிள்ளைகளை ஏற்றி இறக்க மஞ்சள் நிற பஸ்கள். சியோலில் கங்னம் பகுதியில் உள்ள தேச்சி-தொங் என்ற இடம் இதற்கென்றே பேர்போனது. இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வொன் நடத்தக்கூடாது என்று சியோலில் சட்டமே இருக்கிறது. மீறுகிறவர்களைக் காட்டிக்கொடுத்தால் சன்மானம் என்று 2009இல் அரசாங்கம் அறிவித்தது. நாலு மணித்தியாலம் தூங்கினால் சித்தி, ஐந்து தூங்கினால் தோல்வி என்று அங்கே ஒரு பழைய பேச்சு உண்டு. அதை ஒரு பகிடியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் சுனுங் என்ற ஒரு நாள் சோதனைக்காக. 1993இல் தொடங்கிய பல்கலைக்கழக நுழைவுச் சோதனை அது. 2011இல் நவம்பர் 10ஆம் திகதி, வியாழக்கிழமை நடந்தது. அன்றைக்கு அரசாங்கக் கந்தோர்கள் பிந்தித் தொடங்கும், பங்குச் சந்தை ஒரு மணித்தியாலம் தாமதித்துத் திறக்கும். பிள்ளைகள் வீதி நெரிசலில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. பிந்திவிட்ட பிள்ளையைப் பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடுவார். ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் நேரம் வந்தால் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பள்ளி வாசலில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் மேளம் தட்டி வாழ்த்துச் சொல்லுவார்கள். ஒட்டிக்கொள்ளும் யொத் மிட்டாயைக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். வழுக்கும் என்பதால் கடற்பாசி சூப்பை அந்த நாட்களில் வீட்டில் வைக்கமாட்டார்கள். எங்கள் அம்மாமார் நல்லூரில் அர்ச்சனை செய்ததுபோல, வீட்டுக்கார அம்மா பல்கொங் மலையில் உள்ள கல் புத்தரிடம் போய்வந்தார். உண்மையாகக் கேட்டால் ஒரு வேண்டுதலையாவது அவர் நிறைவேற்றுவார் என்று நம்பி, சோதனைக்கு நூறு நாள் முன்னிருந்தே தாய்மார் அங்கே படியேறுகிறார்கள்.

முதலில் பார்க்கிறபோது இது எனக்குப் பெரிய அன்பாகத்தான் தெரிந்தது. அன்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். எனக்காக அம்மா மலை ஏறுகிறார், அப்பா சம்பளத்தில் பெரும்பங்கை ஹாக்வொனுக்குக் கட்டுகிறார், விமானம்கூட எனக்காக நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு, “எனக்கு ஏலாமல் இருக்கு” என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஏன் இப்படி ஆனது என்பதற்கு வரலாறு இருக்கிறது. கொரியாவில் அரச உத்தியோகத்துக்கான சோதனை 958இல் தொடங்கி 1894 வரை இருந்தது. எழுதித் தேறினால் குடும்பமே உயரும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. 1950இல் தொடங்கிய போரில் நாடு சாம்பலானபிறகு, பிள்ளைக்குக் கொடுக்கப் படிப்பைத் தவிர வேறு சொத்து பெரும்பாலான வீடுகளில் மிஞ்சவில்லை. இது நமக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் அல்ல.

1964இல் சியோலில் நடந்த ஒரு சம்பவத்தை அங்கே வயதானவர்கள் இப்போதும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நடுநிலைப் பள்ளியில் சேரவே, அதாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கே, நுழைவுச் சோதனை. யொத் மிட்டாய் செய்யும்போது முளைத்த பார்லிக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று ஒரு கேள்வி. மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸ் என்ற நொதியம்தான் விடை என்றது கல்விச் சபை. முள்ளங்கிச் சாறும் சரிதானே என்று கேட்டார்கள், அந்த விடையை எழுதிய பிள்ளைகளின் தாய்மார். கேட்டதோடு நிற்காமல், முள்ளங்கிச் சாற்றில் யொத் காய்ச்சிச் சட்டியோடு கல்வி அலுவலகத்துக்கே கொண்டுபோனார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போய், 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. ஒரு புள்ளிக்காக இவ்வளவு. அந்தச் சோதனையைப் பிறகு 1969 முதல் படிப்படியாக நிறுத்தினார்கள். 1980இல் இராணுவ ஆட்சி தனியார் வகுப்புகளையே தடைசெய்தது. 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஒரு கதவை மூடினால் போட்டி மற்றக் கதவால் வருகிறது. 2024இல் பள்ளிப் பிள்ளைகளின் தனியார் வகுப்புகளுக்குக் கொரியப் பெற்றோர் செலவழித்தது 29.2 ட்ரில்லியன் வொன். அந்த வருடம் பத்தில் எட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்புகளுக்குப் போனார்கள்.

எனக்கு இதில் மிகவும் கொடுமையாகப் பட்டது, புள்ளி போடும் முறை. சுனுங்கில் ஒன்பது படிகள். முதல் படி அந்தக் காலத்தில் மேலே உள்ள 4 வீதத்தினருக்கு மட்டும். பள்ளிக்குள்ளே நடக்கும் சோதனைகளுக்கும் அப்போது அதே கணக்குத்தான். அதாவது நான் 95 எடுத்தாலும் என் வகுப்பில் மற்றவர்கள் 96 எடுத்தால் நான் கீழே. நம் காலத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி வந்து கொஞ்சக் காலம்தான். போட்டி யாழ் மாவட்டம் முழுவதோடும் இருந்தது, பக்கத்துக் கதிரைக்காரனோடு அல்ல. அவனுடைய இரசாயனக் கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதித்தான் நம்மில் பாதிப்பேர் கரையேறினோம். வீட்டுக்கார அம்மாவின் மகளுக்குக் கொப்பி கொடுக்க ஆள் இருக்கவில்லை, கொப்பி கேட்கவும் அவள் விரும்பவில்லை. அது அவளுடைய குணம் அல்ல. அந்தக் கணக்கு அப்படி. 2025 முதல் பள்ளிப் புள்ளியை ஐந்து படியாக மாற்றி, முதல் படியை 10 வீதமாக்கியிருக்கிறார்கள். சுனுங்கில் ஒன்பது படியும் அப்படியே இருக்கின்றன.

அதே 2011இன் தொடக்கத்தில் எங்கள் பகுதியிலேயே பெரிய துயரம் நடந்தது. யூசொங்கில் உள்ள கைஸ்ட், நாட்டின் மிகச் சிறந்த விஞ்ஞான மாணவர்கள் போகும் இடம். ஜனவரிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் அங்கே நான்கு மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அங்கே படிப்பு இலவசம். ஆனால் அப்போதைய தலைவர் சுஹ் நாம்-ப்யோ கொண்டுவந்த விதிப்படி, சராசரிப் புள்ளி 3.0க்குக் கீழே போனால் குறைகிற ஒவ்வொரு 0.01க்கும் ஏறக்குறைய 60,000 வொன் கட்டவேண்டும். பாடங்களும் ஆங்கிலத்தில். ஒரு மாணவர் கையால் எழுதி ஒட்டிய சுவரொட்டியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. போட்டியில் பின்தங்கினால் தோற்றவர் என்கிறார்கள், கஷ்டத்தை ஒருவரோடு ஒருவர் பகிரக்கூட நேரமில்லை, இந்தப் பள்ளியில் நாங்கள் சந்தோஷமாக இல்லை என்பதுதான் அதன் சாரம். ஏப்ரலில் அந்தக் கட்டண விதியை விலக்குவதாகத் தலைவர் அறிவித்தார்.

ஒரு விதியோ ஒரு சோதனையோ மட்டும் ஒரு பிள்ளையைக் கொல்கிறது என்று நான் சொல்லவரவில்லை. மனச்சோர்வு, வீட்டுப் பிரச்சினை, தனிமை எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஆனால் கொரியாவில் 2011 முதல் 9 வயதிலிருந்து 24 வயது வரையானோரின் இறப்புக்கு முதல் காரணம் தற்கொலை. பணக்கார நாடுகளின் ஓஈசிடி அமைப்பில் தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடும் கொரியாதான். பிள்ளை மனநல வைத்தியரிடம் போனால் அது பதிவில் ஏறி, பின்னால் வேலைக்கும் கலியாணத்துக்கும் இடைஞ்சலாகும் என்று பயப்படும் பெற்றோரை நானே சந்தித்திருக்கிறேன். நம் ஆட்கள் சொல்வதும் இதேதான்.

நவம்பர் கடைசியில் பெறுபேறு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கீழ்வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை, பேச்சே நின்றுவிட்டது. சில நாட்களுக்குப் பிறகு, தாய் கொடுத்தனுப்பிய பேரிக்காய்த் தட்டோடு அந்தப் பிள்ளை மேலே வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள். என் அரைகுறைக் கொரிய மொழியில் ஏதோ கதைத்தேன். “உங்கள் நாட்டில் சோதனையில் தவறினால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள்.

நான் அவளுக்கு நம் பௌதிக மாஸ்ரரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பிரிவில் படித்தவர்களுக்குத் தெரியும். பெறுபேறு வந்த அன்று மற்ற ஆசிரியர்கள் மூன்று ஏ எடுத்தவர்களின் வீடுகளுக்குப் போவார்கள். இவர் சயிக்கிளை எடுத்துக்கொண்டு, தவறியவர்கள் வீடுகளுக்குப் போவார். பெறுபேற்றைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அம்மா போடும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெங்காயம் என்ன விலை போகிறது, கிணற்றில் தண்ணி எப்படி என்று கதைப்பார். எழும்பும்போது மட்டும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நாளைக்குப் பின்னேரம் எங்கட வீட்டுப் பக்கம் ஒருக்கா வா, தம்பி” என்பார். அவ்வளவுதான். போனால் அங்கேயும் பாடம் நடக்காது. வாழைக்குத் தண்ணி மாறச் சொல்லுவார், கூடவே நின்று தானும் மாறுவார். இரண்டாம் முறை எழுதினவர்களும் உண்டு, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவர்களும் உண்டு. அவர் காலத்தில் எங்கள் பிரிவில் யாரும் தனியாக அறைக்குள் கிடக்கவில்லை.

அந்தப் பிள்ளை இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவர் ஏசவே இல்லையா?” இல்லை என்றேன். அப்புறம் வாசற்படியில் இருந்துவிட்டாள். கனநேரம் கதைத்தாள், அழுதாள். அன்றிரவு அவளுடைய தாயோடும் நான் கதைத்தேன். அடுத்த வருடம் அவள் மறுபடி எழுதி, சியோலுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இப்போதும் புதுவருடத்துக்குத் தாய் எனக்குச் செய்தி அனுப்புவார்.

கொரியா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2008இலிருந்து பள்ளிகளுக்குள்ளேயே ‘வீ’ என்ற பெயரில் ஆலோசனை அறைகள் வந்தன. 2016இல் நடுநிலைப் பள்ளிகளில் ஒரு தவணைக்கு எழுத்துச் சோதனையே இல்லை என்று ஆக்கினார்கள். 2024 ஜனவரியிலிருந்து 109 என்ற ஒரே இலக்கத்தில் எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி கிடைக்கிறது. இங்கே பிரித்தானியாவில் சமாரிட்டன்ஸ் 116 123, இலங்கையில் 1926. இந்த இரண்டு இலக்கங்களையும் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பிள்ளை கேட்காமலே பார்க்கட்டும்.

இனி நம் சங்க விஷயம். லண்டனில் தெரிவுப் பள்ளிகளில் சேர எழுதும் 11 பிளஸ் சோதனைக்கான வகுப்புக்குப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்கும் பெற்றோரில் நானும் ஒருவன். ரியூசன் வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் நாம் ஊருக்கு அனுப்பும் பரிசுப் பணம் முழுவதும் அதி திறமைச் சித்தி பெற்றவர்களுக்கே போகிறது. நன்றாகச் செய்தவர்களைக் கொண்டாடுவது சரிதான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கைப் பிரித்து, பெறுபேறு வரும் கிழமையில் தவறிய பிள்ளைகள் எல்லோருடைய வீட்டுக்கும் ஓர் ஆசிரியர் போய்வர ஒழுங்கு செய்வோம். போகிறவர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் அந்தப் பணம் போதும். இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்கும் தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் சிறு உதவித்தொகை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்கள் இருவருடன் தொலைபேசியில் கதைத்தேன். இருவரும் உடனே சம்மதித்துவிட்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்மொழிவை எழுதித் தருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமானவர்கள் கூட்டத்துக்கு முன்னமே செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.