எதிர் வீட்டு ரெண்டு அம்மா

எங்க பெரம்பூர் ஃப்ளாட்டுல எதிர் வீட்டுல ரெண்டு அக்காங்க ஜோடியா வாழ்ந்து ஒரு பையன வளக்குறாங்க, ஆறு வயசு, ஒருத்தங்கள அம்மாம்பான் இன்னொருத்தங்கள மம்மிம்பான். போன மாசம் நடுராத்திரி அவனுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, அம்மா ஊர்ல இல்ல, மம்மிதான் தூக்கிட்டு ஓடுனாங்க, நானும் கூட போனேன், ஆஸ்பத்திரில ஃபார்ம நீட்டி "நீங்க கொழந்தைக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. அவங்களால வாயத் தொறக்கவே முடியல. அந்த முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

ஏன்னா தத்து எடுத்த பேப்பர்ல ஒரு பேருதான் இருக்கு. நம்ம நாட்டுல தனி ஆளா தத்து எடுக்கலாம் (ஆம்பளைக்கு பொண் கொழந்தை தர மாட்டாங்க), ஆனா ஜோடியான்னா கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், அந்தக் கல்யாணத்ததான் சட்டம் இவங்களுக்கு தரவே இல்லையே! 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் 3-2ன்னு இந்த விதிய அப்படியே விட்டுடுச்சு, அஞ்சு நீதிபதிங்கள்ல சந்திரசூட்டும் கவுலும் மட்டும்தான் இது பாரபட்சம்னு சொன்னாங்க. யாருக்கு இதுல நல்லது? கொழந்தைக்கு ஒரு அம்மா கொறஞ்சதுதான் மிச்சம்.

"அப்பா இல்லாம எப்படிடி"ங்குறாங்க எங்க பெரியம்மா. தாத்தா போனப்புறம் பாட்டியும் சின்னப்பாட்டியும் சேந்துதான உங்க அஞ்சு பேரையும் வளத்தாங்கன்னு கேட்டேன். பேசாம வெங்காயம் உரிச்சாங்க. அப்புறம், "அந்தப் பையனுக்கு இப்ப ஒடம்பு தேவலையா?"ன்னாங்க.