கடலுக்குள் போய் நின்ற ஜெட்டி: ஒரு வரைபட ப்ளக்இன் அனுபவம்

வெப்சைட் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்காக நான் எழுதிய வரைபட ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒருவழியாகப் போன வாரம் அதன் ப்ளக்இன் டைரக்டரியில் ஏறிவிட்டது. மேப்பைத் திரையில் காட்டும் லீஃப்லெட், பொதுவில் கிடைக்கும் மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்னும் ஜிபிஎல் உரிமம் எல்லாம் வழக்கமான சமாச்சாரம்தான், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. நிரல் எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. மற்றதெல்லாம்தான் உயிரை வாங்கிவிட்டது. இந்த வேலையில் இறங்கும் யாருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

தொண்டிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை மீன் இறங்குதளம், ஐஸ் பிளான்ட், டீசல் பங்க், புயல் காப்பகம் எல்லாம் மேப்பில் தெரிய வேண்டும் என்றார்கள். கூகுள் மேப்ஸ் என்றால் பில்லிங் கணக்கு திறக்க வேண்டும், அதற்கு கார்டு கொடுக்க வேண்டும். பொருளாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “சங்கத்துக்கு ஏது தம்பி கார்டு?” சரி, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே செய்வோம், செய்வதைப் பொதுவில் வைப்போம் என்று ஆரம்பித்ததுதான் இது.

இறங்குதளங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதலில் போனபோது “சார் கேம்ப் போயிருக்காரு”. அடுத்து போனபோது சார் இருந்தார், சங்கத்து லெட்டர்பேடில் சீல் வைத்த மனு என்னிடம் இல்லை. மனுவோடு போனபோது ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினார்கள். “எக்ஸெல் ஃபைல் இருக்குமே சார்?” என்றேன். “இருக்கு. கொடுக்க ஆர்டர் இல்லை” என்றார் எழுத்தர். அதே விவரம்தான் காகிதத்தில் என் கையில் இருக்கிறது! வாதம் செய்தால் காகிதமும் போய்விடும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஜெராக்ஸ் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பாகைக்கு (டிகிரி) போடும் குட்டி வட்டம் பெருத்துப்போய்ப் பூஜ்யம் மாதிரி நின்றது. 9 பாகை 16 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பதைப் பார்த்தால் 90 16 என்று இருக்கிறது. அதைக்கூட ஊகித்துவிடலாம். ஆபத்து வேறு இடத்தில். சில ஊர்களுக்குப் பாகை, கலை, விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) என்று மூன்று எண்கள். சில ஊர்களுக்கு இரண்டே எண்கள், கலைக்குப் பின்னால் தசமம். படகு ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், யாரோ அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு ஏற்றினால் என்ன ஆகும்? 9 பாகை 16 கலை 30 விகலை என்பது தசமத்தில் 9.275. அதையே 9.1630 என்று அடித்துவிட்டால் புள்ளி 12 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். பாம்பனில் நிற்க வேண்டிய ஜெட்டி (படகுத்துறை) குருசடைத் தீவையும் தாண்டித் தென்கடலுக்குள் போய் நிற்கும். மேப் எந்தப் பிழையும் காட்டாது. கடலில் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

ஆகவே முதல் எச்சரிக்கை: இடம் குறிக்க ஒற்றைக் கட்டம் வைக்காதீர்கள். என் ப்ளக்இன்னில் பாகை, கலை, விகலை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம்; தசமக் கலைக்கு வேறு பொத்தான். அழகாக இல்லை, ஆனால் சங்கத்தில் கணினி பார்க்கும் தங்கச்சி ஒரு சந்தேகமும் கேட்காமல் ஏற்றிவிட்டாள்.

இரண்டாவது, அட்சமும் தீர்க்கமும் முன்பின் மாறுவது. லீஃப்லெட்டில் அட்சம் முதலில் வரும். இடத் தகவலைப் பரிமாறும் கோப்பு வடிவமான ஜியோஜேசானில் தீர்க்கம் முதலில்; 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற அதன் தர ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நம் கரைக்கு மட்டும் ஒரு தனி வம்பு உண்டு. அட்சம் 90-ஐத் தாண்டினால் பிழை என்பதுதான் வழக்கமான சோதனை. ஜப்பானில் 139 என்று மாறி வந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். நம் தீர்க்கம் 79, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அப்படி மாற்றிப் போட்டால் ராமேஸ்வரம் ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு மேற்கே மிதக்கும். இதற்காகவே எல்லைப் பெட்டி ஒன்று வைத்தேன்: தளத்துக்காரர் தன் பகுதியை ஒருமுறை குறித்துவிட்டால், அதற்கு வெளியே விழும் புள்ளிக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும்.

சந்தேகமான புள்ளிகளைச் சரிபார்க்க ஒரு படகோட்டி அண்ணன் தன் ஜிபிஎஸ்ஸோடு வந்தார். கருவியை என் கையில் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஜெட்டி பாயின்ட்டை மட்டும் தானே படித்துச் சொன்னார். பொத்தானை அழுத்தும்போது திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். மீன் கூடும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, வலை சிக்கும் இடம் எங்கே என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இதெல்லாம் நெட்ல போயிராதுல்ல தம்பி?” உறுப்பினருக்கு மட்டும் தெரியும் புள்ளி என்ற வசதி அதிலிருந்து வந்தது. மேப்பில் மறைத்தால் மட்டும் போதாது. மற்ற நிரல்கள் தளத்தின் தகவலைக் கேட்டுப் பெறும் ரெஸ்ட் ஏபிஐ வழியாக, ஜேசான் என்ற எழுத்து வடிவில் அப்படியே வெளியே தெரியும். யார் பார்க்கலாம் என்று அங்கே முடிவுசெய்யும் பர்மிஷன் கால்பேக்கை ‘எல்லோருக்கும் சரி’ என்று விட்டுவைக்காதீர்கள்.

இனி வயிற்றெரிச்சல் பகுதி. என் கணினியில் மேப் நன்றாக வந்தது. சங்கத்துத் தளத்தில் ஏற்றினால் சாம்பல் நிறக் கட்டம், அதன் மேல் பொட்டுகள் மட்டும். தலைவர் போன் மேல் போன். ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினால், எல்லா ப்ளக்இன்னையும் நிறுத்திப் பாருங்கள் என்ற அதே பதில். நிறுத்தினால் மேப்பே இருக்காதே ஐயா! “உங்கள் ப்ளக்இன் தரமானதல்ல” என்றுகூட ஒருவர் எழுதினார்.

மேப் டைல் என்ற சின்னச் சின்னப் படத் துண்டுகளாகத்தான் வரும். அந்த டைல் கோரிக்கைகளைத் திறந்து பார்த்தபோது எல்லாம் 403, அதாவது அனுமதி மறுப்பு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் டைல் சர்வரின் விதிப்படி, எந்தத் தளத்திலிருந்து கேட்கிறோம் என்ற ரெஃபரர் தகவல் போய்ச் சேர வேண்டும். அந்தக் கம்பெனி ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் எல்லாத் தளங்களுக்கும், அந்தத் தகவலை அனுப்பாதே என்று பிரவுசருக்குச் சொல்லும் நோ-ரெஃபரர் ஹெடரைச் சேர்த்துவிட்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பியும் மாற்றித் தரவில்லை. கடைசியில் லீஃப்லெட் 1.9-இல் டைல் லேயருக்கு ரெஃபரர்பாலிசி என்றொரு விருப்பம் இருப்பது கைகொடுத்தது. ஒரே வரி. சேவ் செய்து ரெஃப்ரெஷ் அடித்ததும் பாக் நீரிணை திரையில் விரிந்தபோது, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் கைதட்டினேன்.

அதே டைல் விதிகளில் இன்னொன்று: மொத்தமாக டவுன்லோடு செய்து வைப்பதற்கு அனுமதி இல்லை. கடலில் சிக்னல் இல்லாதபோதும் மேப் வேண்டும் என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆழம் காட்டாத மேப்பை நம்பிக் கடலில் போவதும் சரியில்லை.

டைரக்டரியில் ஏற்றும் முன் நடக்கும் ரிவ்யூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜாவாஸ்கிரிப்டை சிடிஎன் போன்ற வெளி சர்வரிலிருந்து இழுக்காமல் ப்ளக்இன்னுக்குள்ளேயே வையுங்கள், வெளிச் சேவையை ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் சொல்லுங்கள், வெளியிடும் எதையும் எஸ்கேப் செய்யுங்கள் (நிரலாக ஓடிவிடாதபடி மாற்றுங்கள்). ப்ளக்இன் செக் கருவியை முன்னாடியே ஓட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்லக்கை (முகவரியில் வரும் பெயர்) யோசித்து வையுங்கள், ஒப்புதலுக்குப் பிறகு மாற்ற முடியாது.

தமிழுக்கு மட்டும் ஒரு பொறி. உள்ளே வருவதைச் சானிடைஸ் (சுத்தம்) செய்ய வேண்டும் என்பது சரிதான், ஆனால் ஊர்ப்பெயருக்கு சானிடைஸ்_கீ என்ற ஃபங்ஷன் பக்கமே போகாதீர்கள். அது ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கோடு, அடிக்கோடு தவிர எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மூக்கையூரும் தேவிபட்டினமும் வெற்றுச் சரமாகி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஊர்ப்பெயரின் ஸ்லக்கை நம்பியும் அடையாளம் வைக்காதீர்கள். ஒரு தமிழ் யூனிகோடு குறி அங்கே ஒன்பது இடம் பிடிக்கும், மொத்தமே 200 இடம்தான், நீளமான பெயர் பாதியில் அறுந்துவிடும். எண் அடையாளம்தான் நிம்மதி.

ஒப்புதலுக்குப் பிறகு எஸ்விஎன்னில் (பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஏற்றுவது பழைய காலத்து வேலை. ரீட்மீயில் உள்ள ஸ்டேபிள் டேகும் ப்ளக்இன்னின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளியான சில நாளிலேயே இலங்கையின் மன்னாரிலிருந்து ஒருவர், தன் தளத்தில் ஏன் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது என்று கேட்டிருந்தார். வேர்ட்பிரஸ்ஸில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனி. ஒன்றுக்குச் செய்த மொழிபெயர்ப்பு மற்றதில் வராது. 90 சதவீதச் சொற்றொடர்கள் ஒப்புதல் பெற்றால்தான் மொழிப் பொதியே உருவாகும். கடலைத் தாண்டினால் கூப்பிடு தூரம், அதற்கு இன்னொரு முறை முதலிலிருந்து. இப்போது அவர் ஒரு பாதி, நான் ஒரு பாதி என்று பிரித்துச் செய்துகொண்டிருக்கிறோம்.