ஆஸ்டின் க்யூவ விட்டுட்டு லாக்ஹார்ட் பக்கம் வாங்க

போன வருஷம் டெக்ஸஸ் ஆஸ்டின்ல பேர் போன ஒரு பார்பிக்யூ கடை வாசல்ல மூணு மணி நேரம் வெயில்ல காஞ்சேன், எனக்கு முன்னாடி ஆறே பேர் இருக்கறப்போ பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு முடிவு பண்ணதுதான், இனிமே க்யூல நிக்கற நேரத்துக்கு 183 ரோட்டப் புடிச்சு தெற்கால ஒரு முப்பது மைல் தள்ளி இருக்கற லாக்ஹார்ட்டுக்குப் போயிடறதுன்னு. இந்த தடவ மாமாவும் (மாமனாருங்க, டல்லாஸுக்கு எங்களப் பாக்க வந்திருக்காரு) கூட வந்தாரு. சனிக்கிழம போனோம், ஏன்னா பக்கத்து ஊர் லூலிங்ல இருக்கற சிட்டி மார்க்கெட்ங்கற பார்பிக்யூ கடைக்கு ஞாயிறு லீவு, இத நோட் பண்ணிக்கங்க.

லாக்ஹார்ட்தான் டெக்ஸஸோட பார்பிக்யூ தலைநகரம், சும்மா பேச்சுக்கு இல்ல, 1999லயே சட்டசபைல தீர்மானம் போட்டு குடுத்த பட்டம். ஆனா ஊர் ரொம்ப சின்னது. நடுவுல கோர்ட் கட்டடம், அத சுத்தி நாலு தெரு, அவ்ளோதான். மொதல்ல போன கடை ஸ்மிட்டீஸ் மார்க்கெட். பின்பக்க பார்க்கிங் வழியா நுழைஞ்சா, தரையிலயே வெறகு எரியுது, தடுப்பு கிடுப்பு ஒண்ணும் இல்ல, காலு பக்கத்துலயே நெருப்பு. செவுரெல்லாம் பல வருஷப் பொகையில கன்னங்கரேல்னு இருக்கு. மாமா வேட்டிய மடிச்சுக் கட்டற மாதிரி பேன்ட்ட தூக்கிப் புடிச்சுக்கிட்டே நடந்தாரு.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு கத இருக்கு. 1900ல ஆரம்பிச்ச க்ரூஸ் மார்க்கெட் இங்கதான் இருந்துது. பின்னாடி கடைய வாங்கினவரு வியாபாரத்த மகன்களுக்கு வித்துட்டாரு, கட்டடத்த மகளுக்கு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, அப்புறம் என்ன, வாடகை சண்டதான். 1999ல மகன்கள்ல ஒருத்தர் பழைய அடுப்புல இருந்து எரியற தணல ஒரு தொட்டில அள்ளி, ரோட்டுல இழுத்துக்கிட்டே போயி புதுக் கடைல அடுப்பு மூட்டினாரு. க்ரூஸ் பேரு அவரோட போயிருச்சு, பழைய எடத்துல மக ஸ்மிட்டீஸ்னு அப்பா பேர்ல தொறந்தாங்க. இன்னிக்கு ரெண்டும் ஓடுது. பங்காளி சண்டையால ஊருக்கு ஒரு கடை கூடுதலா கெடச்சிருக்கு.

தட்டு கெடையாது, பழுப்பு பேப்பர்லதான் சுத்திக் குடுப்பாங்க. அதுக்குக் காரணம், இதெல்லாம் ஜெர்மன், செக் நாட்டுல இருந்து வந்தவங்களோட கறிக்கட வழக்கம். விக்காம நின்ன கறிய பொகை போட்டு, துண்டு துக்கடாவ சாசேஜ் ஆக்கி வித்தாங்க, பருத்தி எடுக்க வந்த கூலி ஆளுங்க வாங்கி அங்கயே பேப்பர விரிச்சு சாப்ட்டாங்க. இப்பவும் அதே கத, கூட வெள்ள பிரெட், வெங்காயம், ஊறுகா வெள்ளரிக்கா.

நான் கால் பவுண்டு பிரிஸ்கெட் கேட்டேன், கொழுப்பு உள்ள பக்கம். மேல கருப்பா மொறுமொறுன்னு, அதுக்குக் கீழ மெலிசா ரோஸ் கலர் கோடு, விரலால தொட்டாலே பிரியுது. "என்ன மசாலா மாப்ள?"ன்னு மாமா கேட்டாரு. உப்பும் மிளகும்தான் மாமான்னேன், நம்பவே இல்ல. நெஞ்சுக்கறிங்க இது, சும்மா வேக வச்சா செருப்பு மாதிரி இருக்கும். போஸ்ட் ஓக் வெறகுல பல கடைங்க பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல மெதுவா வேக விடுவாங்க. உள்சூடு 160 ஃபாரன்ஹீட் கிட்ட வந்ததும் கறி வேர்க்க ஆரம்பிச்சிடும், நமக்கு வேர்த்தா ஒடம்பு குளுருற மாதிரி, மணிக்கணக்கா சூடு ஏறாம அப்டியே நிக்கும். அத பொறுத்து 200 வரைக்கும் கொண்டு போனாதான் நாரெல்லாம் கரைஞ்சு பதமா வரும். வெந்து முடியறப்போ எடையில பாதி கிட்ட போயிருக்கும், அதான் வெல அப்டி.

மாமா மாடு சாப்புட மாட்டாரு. அதனால சொல்றேன், இந்தப் பக்கம் சாசேஜ்ல பெரும்பாலும் மாட்டுக்கறி இருக்கும், கேட்டு வாங்குங்க. அவருக்கு லாக்ஹார்ட்லயே பிளாக்ஸ்ல டர்க்கி (வான்கோழி) வாங்கினோம், 1932ல இருந்து நடக்கற கடை. சுமாரா இருக்கும்னு நெனச்சேன், சாறு ஒழுகிச்சு. ஆனா மனுசன் கவுந்தது பதினஞ்சு மைல் தள்ளி லூலிங்ல, பன்றி ரிப்ஸுக்கு (விலாக்கறி). சிட்டி மார்க்கெட்ல கடைக்குள்ளயே பின்னாடி ஒரு கதவு, அதத் தொறந்தா பொகை ரூம், கண்ணு எரியும், அங்கயே நின்னு ஆர்டர் பண்ணி கறிக்கு காசு குடுத்துட்டு வரணும். கடுகு வாசம் வர்ற சாஸ் ஒண்ணு வச்சிருக்காங்க. நான் சாஸ் கட்சி இல்ல, இதுல மட்டும் தோத்துட்டேன்.

ஒரே கடைல வயித்த ரொப்பிடாதீங்க, அதான் எல்லாரும் பண்ற தப்பு. கால் கால் பவுண்டா வாங்கி மூணு கடை ஏறி எறங்குங்க.

திரும்பறப்போ லாக்ஹார்ட்ல பெட்ரோல் போட்டோம். கல்லால இருந்த பெரியவர் பொறந்து வளந்ததே இந்த ஊராம், ஆனா அவங்க வீட்ல தலமொறையா ஒரே கடைதானாம், மத்த கடை வாசப்படிகூட மிதிச்சதில்லயாம். நாங்க மூணுலயும் சாப்ட்டோம்னதும் கொரல தாழ்த்தி, "அங்க சாசேஜ் எப்டி இருக்கு?"ன்னாரு. நான் கார்ல இருந்த சாசேஜ் பொட்டலத்தக் கொண்டாந்து பிரிச்சு நீட்டுனேன். மெதுவா மென்னுட்டு, "எங்க கடைதான் ஒசத்தி"ன்னு சொல்லிக்கிட்டே இன்னொரு துண்ட எடுத்தாரு.